சதுரங்கப்பட்டினத்துச் செங்கல்: ஒரு கம்பெனிக் கிடங்கும் அதன் கணக்கில் வராத மனிதர்களும்

தென்னேரி, உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை வரலாறு பார்க்க எங்கே அழைத்துப் போவார்கள் என்று கேட்கவே வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், அதில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. ஜனநாயகம் பிறந்த ஊர் என்று ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்தக் குடத்துக்குள் பெயர் விழ வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று அதே சுவர் சொல்வதை யாரும் உரக்கப் படிப்பதில்லை. கல்லில் எழுதியதையே பாதிதான் படிக்கிறோம் என்றால், எழுத்தே இல்லாத செங்கல் சுவரை யார் படிக்கப் போகிறார்கள்?

இந்தக் கட்டுரை அப்படி ஒரு செங்கல் சுவரைப் பற்றியது. நமது பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் கிழக்கு ஓரம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டிக் கடலைப் பார்த்துப் போனால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டி ஒரு சின்ன ஊர், சதுரங்கப்பட்டினம். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர். வாயில் நுழையாததால் ஐரோப்பியர் சத்ராஸ் ஆக்கினார்கள். 2019-இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அங்கே கடற்கரையில் டச்சுக் கோட்டை இருக்கிறது. வாசலில் இரண்டு பீரங்கி. உள்ளே இடிந்ததும் இடியாததுமாகச் செங்கல் சுவர்கள், நீண்ட கிடங்குகள், ஒரு கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மகாபலிபுரம் வந்தவர்களில் நேரம் மிச்சம் உள்ளவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுப்பவர்களும் வருவார்கள்.

கோட்டை என்று எல்லோரும் சொல்வதால் ராஜா, படை, யுத்தம் என்று மனம் போகிறது. முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இது ஒரு கம்பெனியின் வியாபாரக் கட்டடம். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பங்கு விற்று முதல் திரட்டிய வணிக நிறுவனம். சோழமண்டலக் கரையில் 1606-இல் மசூலிப்பட்டினத்தில் கால் வைத்தது, 1610-இல் பழவேற்காட்டுக்கு வந்து அங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பித் தலைமையிடம் ஆக்கியது, 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. 1690-இல் தலைமையிடமும் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. இந்தச் சங்கிலியில் நடுவே உள்ள ஒரு கண்ணி சதுரங்கப்பட்டினம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பண்டகசாலை தொடங்கினார்கள். சுற்றிலும் தடித்த சுவர் பின்னால்தான் வந்தது. சரக்கைக் காக்கக் கட்டிய சுவர் அது.

என்ன சரக்கு? முதன்மையாகத் துணி. மஸ்லின் முதல் முரட்டுத் துணிவரை. ஜாவாவிலும் மொலுக்காஸ் தீவுகளிலும் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் விற்றவர்கள் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணியை விரும்பி வாங்கினார்கள். ஆகவே ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த வெள்ளி இங்கே துணியாகும், துணி அங்கே வாசனைப் பொருளாகும், வாசனைப் பொருள் ஐரோப்பாவில் பல மடங்கு பணமாகும். இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும். அலையைத் தாண்டி மூட்டையைக் கொண்டு சேர்த்தது மசூலாப் படகு ஓட்டிய மீனவர்கள். கப்பல் வந்து, காற்று சாதகமாகும்வரை சரக்கை நனையாமல், கரையான் அரிக்காமல், திருட்டுப் போகாமல் வைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நீண்ட கிடங்குகள்.

துணி எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் தேவைப்படும். கம்பெனி நெசவாளரிடம் நேராகப் போகவில்லை. ஊர் வணிகரிடம் முன்பணம் கொடுத்தது. வணிகர் நெசவாளரிடம் முன்பணம் கொடுத்தார். கைக்கோளர், சாலியர், தேவாங்கர் என்று பாடநூல் பட்டியல் போடும். நம்மிலும் நெசவாளர் உண்டு. கோலியர் என்று ஒரு பிரிவுக்கே பெயர். பறையர் என்றால் பறையும் வயலும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கே இது புதிதாக இருக்கும். அந்தக் காலத்து நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனிக்கு நெய்யலாம் என்ற நிலை இருந்தது. டச்சு, ஆங்கிலேயர், பிரெஞ்சு, டேனிஷ் என்று வாங்குபவர் பலர் இருந்ததால் நெசவாளருக்குக் கொஞ்சம் பேரம் பேசும் இடம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் மட்டுமே மிஞ்சியபோது அந்த இடம் போயிற்று. முன்பணம் வாங்கியவன் எழுந்து போக முடியுமா முடியாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எழுந்து போக முடியாதவர்களும் இந்தக் கம்பெனியின் கணக்கில் இருந்தார்கள். அவர்கள் சரக்குப் பட்டியலிலேயே இருந்தார்கள்.

சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களை வாங்கிக் கப்பலேற்றிய வியாபாரத்தை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. அடிமை வியாபாரம் என்றால் ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்றுதான் பதில் வரும். 1621-இல் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற டச்சுத் தலைவர் பண்டா தீவு மக்களை ஏறக்குறைய அழித்தார். ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் இல்லை. புதிதாக எழும்பிய பத்தாவியா நகரத்துக்கும், இன்றைய ஜகார்த்தா, ஆள் தேவைப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சோழமண்டலத்தில் பஞ்சம். பழவேற்காட்டிலிருந்து கம்பெனி மனிதர்களை வாங்கத் தொடங்கியது.

அதன்பின் ஒவ்வொரு பஞ்சத்துக்கும் யுத்தத்துக்கும் ஒரு அலை. டச்சு ஆவணங்களை வைத்து வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் தொகுத்துக் காட்டும் கணக்கு இது: 1646-இல் மட்டும் 2,118 பேர் பத்தாவியாவுக்கு. 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படை தஞ்சையைச் சூறையாடிப் பஞ்சம் விழுந்தபோது, 8,000 முதல் 10,000 பேர் வரை, பெரும்பாலோர் இலங்கைக்கு. 1694-96-இல் கம்பெனிக்கு வெளியே தனியார் மட்டும் இலங்கைக்குக் கொண்டுபோனவர்கள் 3,859 பேர். ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை. 1687 செப்டம்பரில் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து 665 பேர். இது ஒரு மாதத்துக் கணக்கு. பஞ்சம் வந்தால் நெல் விலை ஏறும், மனித விலை இறங்கும். வியாபாரிக்கு அது வாங்கும் பருவம்.

சதுரங்கப்பட்டினத்துக் கிடங்கு துணிக்காகக் கட்டியது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் கதை கட்டுகிறவன் ஆவேன். ஆனால் துணி வாங்கியதும் ஆள் வாங்கியதும் ஒரே கம்பெனி. ஒரே முதல், ஒரே கப்பல், ஒரே கணக்கப்பிள்ளை. துணி மூட்டைக்குக் கிடங்கு இருக்கிறது, இன்றும் நிற்கிறது. ஆளுக்குக் கட்டிய கிடங்கைப் பார்க்க வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போக வேண்டும். 1679-இல் இதே கம்பெனி தன் அடிமைகளை அடைக்க அங்கே ஒரு விடுதி கட்டியது. பிற்பாடு அரசு அலுவலகமாகவும் நீதிமன்றமாகவும் இருந்து, 1998-இல் அடிமை விடுதி என்ற பெயரையே தாங்கி அருங்காட்சியகம் ஆயிற்று. கேப் ஆவணங்களில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் ஊர்ப்பெயர் இருக்கும். வான் பெங்காலன், வான் மலபார், வான் கொரமாண்டல். கொரமாண்டல் என்றால் சோழமண்டலம், நம் கரை. சொந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டு, வந்து சேர்ந்த மாதத்தின் பெயரை வைத்த வழக்கமும் இருந்தது. பிப்ரவரி, செப்டம்பர் என்று இன்றும் அங்கே குடும்பப் பெயர்கள் உண்டு.

இனி நமக்குச் சங்கடமான கேள்வி. இவர்களை விற்றது யார்?

டச்சுக்காரன் கடலிலிருந்து இறங்கி ஓடி ஓடிப் பிடிக்கவில்லை. கரையில் விற்க ஆள் இருந்தார்கள், தரகர் இருந்தார்கள், படைத்தலைவர்கள் இருந்தார்கள். பசி தாங்காமல் பெற்ற பிள்ளையை விற்ற தாய் தகப்பனும் இருந்தார்கள். மனிதனை விற்று ஓலை எழுதும் பழக்கம் ஐரோப்பியர் கொண்டு வந்ததல்ல. 1201-இல் திருப்பாம்புரம் கோயிலில் ஒரு வேளாளர் பஞ்சத்தால் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்கு விற்றுக்கொண்ட செய்தி கல்வெட்டில் இருக்கிறது. ஆக, விற்கப்பட்டவர் எல்லோரும் நம்மவர்தான் என்று சொன்னால் அது பொய். ஆனால் வேளாளருக்குப் பஞ்சம் வந்தால் அடிமைத்தனம் வரும். சேரியில் பிறந்தவருக்கு அது மழை பெய்த ஆண்டிலும் இருந்தது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டிலேயே தீண்டாச்சேரி என்ற சொல் வந்துவிடுகிறது. நிலத்தோடு சேர்த்து ஆளையும் ஒற்றி வைப்பதும் விற்பதும் நாட்டு வழக்கமாக இருந்த இடத்தில்தான் கம்பெனி வந்து கடை விரித்தது.

வெள்ளைக்காரன் கொடுமை செய்தான் என்று மட்டும் எழுதினால் நம்மூர்த் தேசபக்தர்கள் கை தட்டுவார்கள். எல்லாம் நம்மூர்ச் சாதிக்காரர் வேலை என்று மட்டும் எழுதினால் கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று எப்படித் தாங்கின என்பதற்கு யாழ்ப்பாணம் ஒரு சாட்சி. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த இதே கம்பெனி, 1707-இல் அங்குள்ள நாட்டு வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமை என்று சட்டமாக்கியது. தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி, ஒப்புதல் கொடுத்தவர்கள் யாழ்ப்பாணத்து முதலியார்கள். அதில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று சாதிப் பெயரிலேயே அடிமை வகை. வழக்கமாக இருந்தது எழுதப்பட்ட சட்டமாயிற்று. சாதி எஜமானுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் காவல் ஆயிற்று. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1844 ஆயிற்று.

மறுபடி சதுரங்கப்பட்டினத்துக்கு வருவோம். அதன் அரசியல் கதை சுருக்கமானது. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே கூடி, ஆற்காட்டு நவாபு யார் என்று பேசிப் பார்த்து முடிவில்லாமல் பிரிந்தார்கள். சேரியில் இருந்தவனிடம் யாரும் கேட்கவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை. 1781-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17-இல் எதிரே கடலில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்கள் மோதிக்கொண்டன. 1818-இல் டச்சுக்காரருக்குத் திரும்பி வந்தது, 1824 ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டே நிரந்தரமாக ஆங்கிலேயருக்குப் போயிற்று. அதற்குள் துணி வியாபாரமே செத்துவிட்டது. மான்செஸ்டர் ஆலைத் துணி வந்தபின் கிடங்கில் வைக்க ஒன்றுமில்லை.

கிடங்கு காலியானது. வயலில் இருந்த ஆள் விடுதலை ஆகவில்லை. செங்கல்பட்டு ஜில்லா மிராசுதார் ஜில்லா. நிலத்தில் உரிமை போலவே உழும் ஆள்மீதும் மிராசுதார் உரிமை கேட்டார். 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. ஏற்காது என்றதே தவிர, ஆண்டையிடம் போய் விடு என்று சொல்லவில்லை. அடிமை என்ற சொல் போய்ப் படியாள் என்ற சொல் நின்றது. அதன் பூட்டு முன்பணம். கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க்குத் தகப்பன் உழைப்பான், தீராமல் செத்தால் மகன் உழைப்பான். குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையது, எதிர்த்தால் குடிசையைப் பிரி என்பார். 1891-இல் இந்த ஜில்லாவின் கலெக்டர் டிரமன்ஹீர் பறையர் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கை இதைத்தான் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே வைத்தது. 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணைதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் தொடக்கம்.

அந்த நிலம் எங்கே போயிற்று என்று கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் இதே பக்கத்துக் கதைதான். மாமல்லபுரத்துக்கு அருகே கரணை. பிடுங்கப்பட்ட பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுத்தினார்கள், அதை அகற்றினார்கள். நீதி கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10-இல் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 10-இல் அஞ்சலிக்குப் போகிற தோழர்கள், அங்கிருந்து கோட்டை எவ்வளவு தூரம் என்று ஒருமுறை பாருங்கள். வண்டியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கோட்டைக்குள் போனால் எதைப் பார்ப்பது? கல்லறைகளை எல்லோரும் காட்டுவார்கள். டச்சு எழுத்தும் குடும்பச் சின்னமும் செதுக்கிய பெரிய பலகைக் கற்கள், வேலைப்பாடு அருமை, குறை சொல்ல முடியாது. இறந்தவர் யார், எந்தப் பதவியில் இருந்தார், எந்த நாளில் இறந்தார், எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு சுவருக்கு வாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரியும். ஒவ்வொன்றும் ஒருவர் குழைத்த மண், ஒருவர் அச்சில் அறுத்தது, ஒருவர் வெயிலில் திருப்பிப் போட்டது, ஒருவர் சூளையில் அடுக்கியது, ஒருவர் தலையில் சுமந்து சாரம் ஏறியது. சூளை வேலை தெரிந்தவர்களுக்கு இந்த வரிசையை நான் சொல்லத் தேவையில்லை.

ஏனென்றால் அந்த வேலை முடியவில்லை. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் இன்றும் கல் அறுப்பது இருளர் குடும்பங்களும் நம் குடும்பங்களும் ஒடிசாவிலிருந்து வந்தவர்களும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. இன்னும் வருவாய்க் கோட்டாட்சியர் போய் விடுதலைச் சான்றிதழ் எழுதி மீட்டு வரவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தொடக்கம் அதே சொல்தான்: அட்வான்ஸ். புருஷன் பெண்டாட்டி பிள்ளை எல்லோரும் சேர்ந்து அறுத்தாலும் சீசன் முடிவில் கணக்கு முதலாளி பக்கம்தான் நிற்கும். முன்பணத்தை வீசிவிட்டு எழுந்து போகும் பேரம், 300 ஆண்டுக்கு முன் சதுரங்கப்பட்டினத்துக்கு நெய்த நெசவாளருக்கு இருந்த அளவுகூட இவர்களுக்கு இல்லை.

2022 டிசம்பர் 19-இல் நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை வியாபாரத்துக்காகத் தன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 1-இல் அரசர் வில்லெம் அலெக்சாந்தரும் கேட்டார். உலகப் பத்திரிகைகள் ஆப்பிரிக்காவையும் சுரினாமையும் பற்றி எழுதின. ருட்டேயின் உரையில் ஆசியாவும் இருந்தது. கம்பெனியின் ஆதிக்கப் பகுதிகளில் 6,60,000 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரை விற்று வாங்கப்பட்டார்கள் என்று அவரே சொன்னார். சுரினாம் வம்சாவளியினர் அமைப்பு கட்டி, ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டுத்தான் அந்த மன்னிப்பு வந்தது. நம் கரையிலிருந்து போனவர்களுக்காகக் கேட்க, நமக்கு முதலில் அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கான காகிதம் இருக்கிறது. கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் லட்சக்கணக்கான பக்கங்கள், 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை. பெரும்பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார்கள். பழைய கையெழுத்தைக் கணினியால் படிக்கவைத்துச் சொல் தேடும்படி ஆக்கும் குளோபலைஸ் என்ற திட்டமும் நடக்கிறது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சுக் கையெழுத்துத் தொகுதிகள் இருக்கின்றன, பெரும்பாலும் மலபார்ப் பக்கத்தவை. வரலாறு படிக்கும் பிள்ளைகள் சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் மாணவர்களில் இரண்டு பேர், மூன்று பேர், 17-ஆம் நூற்றாண்டு டச்சு எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தேடும் பெட்டியில் சத்ராஸ்பட்டணம் என்று டச்சுக்காரர் எழுதிய விதத்திலேயே போட்டுத் தொடங்கலாம். அடுத்து நாகப்பட்டினம், பழவேற்காடு. எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சில இடங்களில் வயதும், ஆணா பெண்ணா என்பதும், சில இடங்களில் சாதியும் எழுதியிருப்பார்கள். கிடைப்பதை எழுதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுவோம்.